கரோக்கி பதிவில் குரல் பின்னால் விழுகிறது: தாள ஞானம் இல்லாதது எனக்கா, கணினிக்கா?

வாசகர் கேள்வி, மார்ச் 6, 2022

"லேப்டாப்பில் கரோக்கி ட்ராக்கை ஓடவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடி, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்கிறேன். பாடும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. திருப்பிப் போட்டுக் கேட்டால் குரல் மட்டும் தாளத்துக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. மூன்று பாட்டிலும் இப்படியே. தாள ஞானம் இல்லாதது எனக்கா, கணினிக்கா?"

மார்ச் 6, இரவு 10.50

கணினிக்குத்தான். நிம்மதியாகத் தூங்குங்கள்.

ட்ராக் கணினிக்குள்ளிருந்து கிளம்பி உங்கள் காதுக்கு வரக் கொஞ்ச நேரம் ஆகிறது. நீங்கள் பாடியது மைக் வழியாக உள்ளே போய்ப் பதிவாக இன்னும் கொஞ்ச நேரம். இரண்டையும் கூட்டினால் எவ்வளவோ, அவ்வளவு பின்னால் குரல் போய் உட்காரும். பாடும்போது தெரியாது, ஏனென்றால் காதுக்கு வந்த தாளத்தோடுதான் பாடுகிறீர்கள். ஆடாசிட்டிக்கு இது தெரியும். அதனால் பதிவானதைத் தானாகவே 130 மில்லி செகண்டு முன்னால் இழுத்து வைக்கும். அமைப்புகளில் 'லேட்டன்சி காம்பன்சேஷன்' என்ற இடத்தில் மைனஸ் 130 இருக்கிறதா பாருங்கள். யாராவது அதைத் தொட்டிருந்தால் திரும்பப் போடுங்கள், தீர்ந்தது.

130 மில்லி செகண்டு என்றால் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லையே என்று நினைக்காதீர்கள். ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 45 மீட்டர் வருகிறது. திருவிழாவில் தெருவின் இரண்டு முனையிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்களே, ஒன்றின் அடியில் நின்று கேட்டால் அதே பாட்டு இரண்டு தடவை வரும். அந்தத் தூரம்தான் இது.

மார்ச் 7, காலை 6.30

ராத்திரி எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பாதி தப்பு.

130 என்பது ஒரு குத்துமதிப்பு. எந்த மைக், எந்த ஹெட்போன், எந்தக் கணினி என்பதைப் பொறுத்து மாறும். அளந்துதான் போட வேண்டும். என் லேப்டாப்பில் யுஎஸ்பி மைக்குக்கு 168, பழைய ஹெட்செட்டுக்கு 112.

அளப்பது சுலபம். அந்த எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். ஆடாசிட்டியிலேயே 'ரிதம் ட்ராக்' என்று ஒன்று உண்டு, டிக் டிக் என்று மெட்ரோனோம் போல ஓடும். அதை உண்டாக்கி, ஹெட்போனின் ஒரு காதை மைக்கின் வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது ஓட ஓட இரண்டாவது ட்ராக்கில் பதிவு செய்யுங்கள். நீங்கள் வாய் திறக்கக்கூடாது. பிறகு பெரிதாக்கிப் பாருங்கள். மேல் ட்ராக்கின் அலையில் ஒரு முள், கீழ் ட்ராக்கில் சற்றுத் தள்ளி இன்னொரு முள். இரண்டுக்கும் நடுவே மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால் கீழ்ப்பட்டையில் நீளம் காட்டும். 0.168 என்று காட்டினால் உங்கள் எண் 168. ஒரு தடவை அளந்தால் ஆயுசுக்கும் போதும்.

அப்புறம் இன்னொன்று. ட்ராக்கை யூடியூபில் ஓடவிட்டுக் குரலை மட்டும் ஆடாசிட்டியில் பிடிக்கிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. ட்ராக்கையும் உள்ளே கொண்டுவந்துவிட்டுப் பாடுங்கள்.

மார்ச் 7, இரவு 8.15

மைனஸ். மைனஸ். மைனஸ் 168.

காலையில் எண்ணை மட்டும் எழுதிவிட்டு ஆபீசுக்கு ஓடிவிட்டேன். வந்து பார்த்தால் நானே என் கணினியில் மைனஸ் இல்லாமல் போட்டிருக்கிறேன். முன்னால் இழுப்பதற்குப் பதில் இன்னும் பின்னால் தள்ளிவிட்டது. மொத்தம் 336. மலைக்கோட்டை உச்சியில் நின்று பாடி, எதிரொலியை மட்டும் பதிவு செய்தது போல் இருந்தது.

மார்ச் 9

கேள்வி கேட்டவர் இப்போது சொல்கிறார், அவருடையது ப்ளூடூத் ஹெட்போனாம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் சார்.

ப்ளூடூத் கரோக்கிக்கு ஆகாது. என் மகளுடையதை வாங்கி அளந்தேன்: 340. அதுவும் ஒவ்வொரு தடவை இணைக்கும்போதும் கொஞ்சம் மாறுகிறது. அதைவிட மோசம், அந்த ஹெட்போனில் இருக்கிற மைக்கையே பதிவுக்கும் வைத்தால், அது போன் பேசும் நிலைக்கு மாறிவிடும். ட்ராக்கின் ஸ்டீரியோ போய், எஸ்டிடி பூத்தில் பாட்டுக் கேட்ட மாதிரி ஆகிவிடும். கம்பி வைத்த ஹெட்போன் வாங்குங்கள். 300 ரூபாய் ஹெட்போன்கூடப் போதும்.

மார்ச் 13, ஞாயிறு

மைக், அறை பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். என் கதையைச் சொல்கிறேன், எதைச் செய்யக்கூடாது என்பதற்கு உதவும்.

முதலில் கொரோனா நேரத்தில், நண்பர் கச்சேரிக்கு வைத்திருந்த மேடை மைக்கை இரவல் வாங்கினேன். தடித்த பின்னுக்கு ஒரு கன்வர்ட்டர் மாட்டி, கணினியின் ரோஸ் கலர் துளையில் செருகினேன். கத்தினால் கொசு ரீங்காரம் அளவுக்குப் பதிவானது. மேடையில் வைக்கிற இந்த டைனமிக் ரக மைக் அப்படித்தான். அதிலிருந்து வருகிற மின்சாரம் ரொம்பச் சொற்பம், அதைப் பெருக்க நடுவில் மிக்சரோ, மைக்கைக் கணினியோடு இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியோ வேண்டும். விண்டோஸில் மைக்ரோபோன் பூஸ்டை முழுக்க ஏற்றினேன். குரல் கூடியது, கூடவே இரைச்சலும். மழைக்குள் நின்று பாடியது போல.

அப்புறம் யுஎஸ்பி மைக். நல்ல மைக்தான், அதுவே வினை. எதிர்வீட்டுத் தண்ணீர் மோட்டார், மாடிப்படியில் செருப்புச் சத்தம், எல்லாம் கேட்கும். உறையூரில் மார்ச் மாதம் ஃபேனை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பாடுவது என்னவென்று பாடியவருக்குத்தான் தெரியும். சரணம் வருவதற்குள் பனியன் நனைந்துவிடும். குக்கர் விசிலுக்கு மனைவியோடு ஓர் ஒப்பந்தம் போட்டேன், ஒன்பதிலிருந்து பத்து வரை அடுப்பு அணைந்திருக்கும் என்று. பத்து நாள் அமலில் இருந்தது.

அறைக்கு நான் கண்ட வழி பீரோ. துணி அடைத்த பீரோவின் இரண்டு கதவையும் விரியத் திறந்து, அதற்குள் பாடுவது போல நின்றுகொள்வது. மைக் நமக்கும் பீரோவுக்கும் நடுவில். காங்கிரீட் சுவரில் மோதித் திரும்புகிற சத்தத்தில் பெரும்பகுதியைப் புடவைகள் குடித்துவிடும். முதுகுப் பக்கம் ஒரு ஜமுக்காளத்தைக் கொடியில் தொங்கவிட்டேன். இன்னும் நன்றாக இருந்தது. மகள் படம் எடுத்து வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டாள், "அப்பா புடவைக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறார்" என்று.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண். பெருவிரல் மைக்கில், சுண்டுவிரல் உதட்டில். கிட்டே போனால் குரல் கனமாகக் கேட்கும், ஆசையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு 'ப'வும் வெடிக்கும். எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் துணியை இழுத்துக் கட்டி நடுவில் வைத்தால் அடங்கும். காட்டன் கைக்குட்டை வேண்டாம், குரலின் கூர்மை போய்விடும்.

அளவு: பாட்டிலேயே உச்சமான இடத்தை முதலில் பாடிப் பாருங்கள், பல்லவியை அல்ல. அந்த இடத்தில் ஆடாசிட்டியின் ஒலி அளவு மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக்கூடாது. அலையின் தலை பூஜ்யத்தில் தட்டினால் மொட்டையாகிவிடும். மொட்டையானதை எந்த மென்பொருளாலும் பழையபடி முழுசாக வளர்க்க முடியாது. சத்தம் குறைவாகப் பதிவானால் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

மார்ச் 14

விட்டுப்போனது: 'ம்ம்ம்' என்று அடியில் ஓர் உறுமல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பாடிப் பாருங்கள். எனக்கு அதோடு போயிற்று.

மார்ச் 20

சேலத்திலிருந்து ஒருவர்: "நீட்டி இழுத்தால் மூன்றாவது நொடியில் குரல் காணாமல் போகிறது. மூச்சு இருக்கிறது, சத்தம் இல்லை."

இதில் நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவன். தொண்டை டாக்டரிடம் போகலாமா என்றுகூட யோசித்தேன். குற்றவாளி, மைக்கின் இரைச்சல் நீக்கும் வசதி. அது பேச்சுக்காகச் செய்தது. பேச்சு விட்டு விட்டு வரும். ஃபேன் சத்தம் ஒரே சீராக வரும். எனவே சீராக வருவதெல்லாம் இரைச்சல் என்பது அதன் சித்தாந்தம். நீங்கள் சுருதி பிசகாமல் 'ஆ' என்று நிற்க நிற்க, உங்களை ஃபேன் என்று முடிவுகட்டி அமுக்கிவிடும். கொஞ்சம் சுருதி ஆடினால் விட்டுவிடும்! ஆன்லைன் பாட்டு வகுப்பில் ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' போடச் சொன்னார்களே, இதற்காகத்தான். விண்டோஸில் ஒலி அமைப்புகளில் மைக்கின் பண்புகளுக்குப் போய் 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

ஆடாசிட்டியின் இரைச்சல் நீக்கம் வேறு. அது பதிவு முடிந்தபிறகு செய்வது. பாடாமல் ஐந்து நொடி சும்மா நின்று அறையின் சத்தத்தைப் பிடித்து, அதை மாதிரியாகக் காட்டிக் கழிக்கச் சொல்ல வேண்டும். லேசாகச் செய்யுங்கள். அதிகம் கழித்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும்.

ஏப்ரல் 2

சுருதி. ட்ராக் அசல் பாடகரின் சுருதியில் இருக்கும். அவர் தொண்டை அவருக்கு, நம் தொண்டை நமக்கு. எட்டாத இடத்தில் எட்டிப் பாடித் தொண்டை கட்டிக்கொள்வதைவிட ட்ராக்கை இறக்கிக்கொள்வது கௌரவம்.

ஆடாசிட்டியில் 'சேஞ்ச் பிட்ச்' போனால் செமிடோன் கணக்கில் கேட்கும். வேகம் மாறாது, சுருதி மட்டும் இறங்கும். ஒரு செமிடோன் என்றால் அரைக் கட்டை. அவர்களுடைய சி நமக்கு ஒன்று, டி இரண்டு, இ மூன்று, எஃப் நாலு. இரண்டரையில் இருக்கிற ட்ராக்கை ஒன்றுக்கு இறக்க மைனஸ் 3. ஒரே ஒரு சிக்கல், மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் அரை கிடையாது. "மூன்றரைக் கட்டைக்கு இறக்கித் தாருங்கள்" என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். ஹார்மோனியத்தில் அந்தக் கட்டையைச் செய்து வைத்துவிட்டுச் சொல்லுங்கள், இறக்கித் தருகிறேன்.

மூன்று செமிடோனுக்கு மேல் இறக்கினால் தபலா ஈரம்பட்ட தோல் மாதிரி ஆகிவிடுகிறது. அதற்குமேல் வேண்டுமென்றால் வேறு பாட்டுப் பாடலாம்.

ஏப்ரல் 3

ட்ராக் கிடைக்காத பாட்டுக்கு என்ன வழி என்கிறார்கள். முன்பெல்லாம் இடது சேனலிலிருந்து வலதைக் கழிப்போம். இரண்டிலும் ஒரே மாதிரி, அதாவது நடுவில், இருக்கிற குரல் போகும், கூடவே நடுவில் இருக்கிற பேஸும் (கனத்த அடி ஒலி) போகும். பாடகரின் எதிரொலி மட்டும் மிஞ்சி, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது போல் இருக்கும். 2019-இல் டீசர் என்ற பிரெஞ்சு நிறுவனம் ஸ்ப்ளீட்டர் என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. குரல் தனி, வாத்தியம் தனி என்று பிரித்துக் கொடுக்கும். அன்று முதல் கிணற்றுக்கு வேலையில்லை. இழைந்து வரும் புல்லாங்குழலைச் சில சமயம் குரல் என்று நினைத்துத் தூக்கிவிடுகிறது, அவ்வளவுதான். வீட்டில் பாடிக்கொள்ளுங்கள். வலையேற்றினால் உரிமைக்காரர் கேட்பார், அது நியாயமும்கூட.

ஏப்ரல் 17, ஞாயிறு

"ஒரு தடவை அளந்தால் ஆயுசுக்கும் போதும்" என்று மார்ச் 7-இல் எழுதியிருந்தேன். அதை அடித்துவிடுங்கள்.

ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று. தொடக்கத்தில் குரல் ஆணி அடித்தது போல் தாளத்தில் இருக்கிறது. கடைசிப் பல்லவியில் லேசாக விலகுகிறது. அந்த டிக் டிக் சோதனையை ஐந்து நிமிடமும் ஓடவிட்டு அளந்தேன். முதல் முள் நேருக்கு நேர். கடைசி முள் 30 மில்லி செகண்டு தள்ளி.

காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. என் மைக் யுஎஸ்பி, ஹெட்போன் லேப்டாப் துளையில். இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். இரண்டுமே ஒலியை நொடிக்கு 44,100 துண்டாகக் கையாள்கிறோம் என்றுதான் சொல்லிக்கொள்கின்றன, ஆனால் ஒன்றின் 44,100 இன்னொன்றின் 44,100 அல்ல. வீட்டுச் சுவர்க் கடிகாரமும் கைக்கடிகாரமும் மாதிரி. காலையில் சேர்த்து வைத்தாலும் மாசக் கடைசியில் ஒத்துப்போகாது.

தீர்வு என் மைக்கின் அடியிலேயே இருந்தது. அதில் ஹெட்போன் செருக ஒரு துளை உண்டு. அட்டைப் பெட்டியில் வந்த நாளிலிருந்து அதை நான் பார்க்கவே இல்லை. ஹெட்போனை அங்கே மாற்றி, ஆடாசிட்டியில் ஒலி வரும் இடத்தையும் அந்த மைக்காகவே தேர்ந்தெடுத்தால் போதும், உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே கடிகாரம். விலகல் போய்விட்டது. எண்ணைத் திரும்ப அளந்தேன், மைனஸ் 151.

இன்னொரு லாபம், பாடுவது நேராக மைக்கிலிருந்தே காதுக்கு வருகிறது, கணினிக்குள் போய்ச் சுற்றி வராமல். முன்பு ஆடாசிட்டி வழியாக என் குரலை நானே கேட்டுக்கொண்டு பாடுவேன். அது தாமதமாக வரும், அதற்காக நான் காத்திருப்பேன், நான் காத்திருப்பதால் அது இன்னும் தாமதமாகும். மாமியாரும் மருமகளும் "நீங்க முதல்ல சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பது போல. துளை இல்லாத மைக்காரர்கள் அந்த வசதியை அணைத்துவிட்டு ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். காதில் மாட்டாத பக்கத்து ஹெட்போனை மூடி வையுங்கள், இல்லையென்றால் ட்ராக் கசிந்து மைக்கில் விழும்.

மே 8

"எல்லாம் சரி செய்தாயிற்று, ஆனால் என் குரலைக் கேட்க எனக்கே சகிக்கவில்லை." இதற்கு அமைப்புகளில் பொத்தான் இல்லை. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் காதுக்குப் போகிறது. எலும்பு வழியாக வருவது கனமாக இருக்கும். பதிவில் அது கிடையாது. ஊரெல்லாம் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பது அந்த மெலிந்த குரலைத்தான். அவர்கள் பழகிவிட்டார்கள்.

சும்மா இன்னொன்று. 1971-இல் கோபே நகரத்தில் இனோவே தைசுகே என்ற வாத்தியக்காரர் கரோக்கிப் பெட்டி செய்து மதுக்கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். காப்புரிமை வாங்கவில்லை. 2004-இல் அவருக்கு இக்நோபல் அமைதிப் பரிசு கொடுத்தார்கள், மனிதர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் புது வழி காட்டியதற்காக. மனைவியிடம் படித்துக் காட்டினேன். "பரிசு கேக்குறவங்களுக்குல்ல கொடுத்திருக்கணும்" என்றாள்.

ஜூலை 24

ஆடி மாதம். தெருவில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், காலை ஐந்து முதல். ஆகஸ்டு நடுவில் சந்திப்போம்.

அக்டோபர் 5, விஜயதசமி

முதல் நாள் சொன்ன பதிலைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்திருக்கிறேன்.

மைனஸ் 151 சரி. டிக் டிக் சோதனையில் முள் மேல் முள். இருந்தும் என் பாட்டு பின்னால் விழுகிறது. கணினியை மூன்று தடவை அளந்தேன், அது ஒழுங்காக இருக்கிறது. வேறு வழியில்லாமல் என்னை அளந்தேன். குரலின் அலையையும் ட்ராக்கையும் மேலும் கீழும் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. எல்லாச் சொல்லும் தாமதம் இல்லை. ஒவ்வொரு வரியின் முதல் சொல் மட்டும், ஏறக்குறைய கால் நொடி. வரிக்குள் போகப் போக ஓடிப் பிடித்துவிடுகிறேன். அடுத்த வரியில் மறுபடி.

இன்று காலை பூஜை முடிந்து, நல்ல நாளாயிற்றே என்று பாட உட்கார்ந்தேன். மனைவி பீரோவிலிருந்து புடவை எடுக்க வந்தவள் அப்படியே நின்று பார்த்தாள். முடித்ததும் சொன்னாள்: "ஏங்க, எழுத்துக் கலர் மாறினப்புறம்தான நீங்க வாயைத் தொறக்குறீங்க?"

ஆமாம். வரிகளுக்காக மொபைலில் அதே பாட்டின் கரோக்கி வீடியோவை ஒலியை அணைத்து ஓடவிட்டுப் பக்கத்தில் வைத்திருப்பேன். எழுத்து வெள்ளையிலிருந்து மஞ்சளாகும். அதைக் கண் பார்த்து, வாய் திறக்கக் கால் நொடி. தவிர, ஆடாசிட்டியைத் தட்டிய பிறகுதான் கட்டைவிரலால் மொபைலைத் தட்டுகிறேன். அது வேறு. இருபது வருஷமாக மனப்பாடமான பாட்டு, வரி பார்க்கவே தேவையில்லை. எழுத்து கண்ணெதிரே இருந்தால் கண் அங்கேதான் போகிறது. மொபைல் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுப் பாடினேன். வந்துவிட்டது.

ஏழு மாதம், நாலு எண்கள், ஒரு மைக், ஒரு ஹெட்போன். கடைசியில் ஒரு துண்டு.

அக்டோபர் 6

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் எண் மைனஸ் 147, கம்பி ஹெட்போனும் வாங்கியாயிற்று, இன்னும் லேசாகப் பின்னால் இருக்கிறது என்று மே மாதமே எழுதியிருந்தீர்கள். அப்போது "திரும்ப அளந்து பாருங்கள்" என்று சொன்னேன். மன்னிக்கவும். வரிகளை எதில் பார்த்துப் பாடுகிறீர்கள்?

அக்டோபர் 9, ஞாயிறு

டிவி திரையிலாம். 43 அங்குலம். துண்டு போதாது, பெட்ஷீட் வேண்டும்.

மனப்பாடமில்லாத பாட்டுக்கு நான் இப்போது வரிகளைக் கையால் எழுதிக்கொள்கிறேன். நோட்டாக வைத்தால் பக்கம் புரட்டுகிற சத்தம் மைக்கில் விழுகிறது. அதனால் தனித்தாளில் பெரிய எழுத்தாக எழுதி, பீரோக் கதவின் உட்பக்கம் செல்லோடேப்பால் ஒட்டிவிட்டேன். நேற்று இரண்டாவது சரணத்தில் டேப் விட்டு, தாள் புடவை மடிப்புக்குள் நழுவிவிட்டது. மீதியை 'லலலா' என்று பாடி முடித்தேன். கேட்டுப் பார்த்தால் அந்த இடம்தான் தாளத்தில் சுத்தமாக இருக்கிறது.